நீலக் கதவு

அந்த வீடியோ கேமின் டிரெய்லரில் நீலக் கதவு ஒன்று மெல்லத் திறக்கும். உள்ளிருந்து வெளிச்சம் வரும். அதை மட்டுமே பார்த்துவிட்டு, கேம் வெளிவருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வாங்கிவிட்டார்கள். கதவை வரைந்தவள் ஷீபா. அதற்குப் பின்னால் இருக்கவேண்டிய தோட்டத்தை அவள் இன்னும் தொடங்கவே இல்லை.

"இன்னும் ரெண்டு மாசம் குடுங்க சார்" என்று கேட்டபோது ஸ்டுடியோ முதலாளி சிரித்தார்.

"அதான் வாங்கிட்டாங்களேம்மா, இனிமே யாருக்காகத் திறக்கணும்? பூட்டிரு."

பூட்டையும் அவள்தான் வரைந்தாள். அதுவும் அழகாகத்தான் வந்தது.

கேம் வெளியான மாலை, அவளிடம் சொல்லாமலே அதை எப்போதோ வாங்கி வைத்திருந்த அவள் கணவன் ஜெபராஜ், "என் பொண்டாட்டி வரைஞ்சதுடா" என்று நண்பர்களையும் வாங்க வைத்தவன், கேமுக்குள் வேறெங்கும் நிற்காமல் நேரே நீலக் கதவுக்குப் போனான். தட்டினான். பக்கத்திலிருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தான்.

"சாவிய எங்கடி ஒளிச்சு வச்சிருக்கே?"

அவள் சொல்ல வாய் திறந்தாள்.

"ஏய், சொல்லிராத! நானே கண்டுபிடிக்கிறேன்."

அவள் அவனருகில் உட்கார்ந்தாள். கதவைப் பூட்டியவள், அதன் அடியில் முன்பு தீட்டியிருந்த மெல்லிய வெளிச்சக் கோட்டை அழிக்க மறந்திருந்தாள். அவன் குனிந்து, திரையில் அந்தக் கோட்டைத் தொட்டான்.

"உள்ள லைட் எரியுது, பாத்தியா?"

ஷீபாவும் குனிந்து பார்த்தாள்.