மெழுகுக் காப்பு

“மூக்கை மட்டுமாச்சும் உட்டுருங்க சாமி! மூச்சு முட்டிச் செத்துப் போயிருமுங்க!”

மாரக்காள் குறுக்கே வந்து நின்றாள். பாலசுந்தரத்தின் கையிலிருந்த பிரஷ் அந்தரத்தில் நின்றது. உடம்பு முழுவதும் பூசியாகிவிட்டது. மூக்கு ஒன்றுதான் பாக்கி.

“கல்லுக்கு ஏதுங்க அக்கா மூச்சு?” என்றான் அவன்.

சங்ககிரி மலையடிவாரத்தில், கூரை சரிந்த பழைய சிவன் கோயிலின் முற்றத்தில் படுத்திருந்த கல் நந்தி அது. மழை குடித்துக் குடித்து அதன் முதுகு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குள் அதற்கு மெழுகுக் கரைசல் பூசிவிடும்படி, புராதனக் கட்டடங்களைக் காக்கும் இலாகா பாலசுந்தரத்தை அனுப்பியிருந்தது. வெடிப்புகளையும், தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும் காதுக் குழிகளையும் கெட்டி மெழுகால் அடைத்துவிட்டு, வாலிலிருந்து தொடங்கி முகம் வரைக்கும் பூசி வந்திருந்தான்.

மாரக்காள் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவள். போகும்போதும் வரும்போதும் நந்தியின் முன்னே ஒரு பிடி புல் போடாமல் போகமாட்டாள்.

“அக்கா, இது எண்ணூறு வருஷத்துக் கல்லு. மூச்சு விட்டதை யாராச்சும் பார்த்தீங்களா?”

“மூச்சு நின்னதை யாருங்க சாமி பார்த்தது?”

கரைசல் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த கூலியாள் காளியப்பன், நியாயம் பேச வந்துவிட்டான்.

“அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க. எங்கூட்டு எருமைக்குச் சளி புடிச்சு மூக்கடைச்சாலே ராவெல்லாம் படுக்காதுங்க. இது காளை வேற.”

“நீ டப்பாவைப் புடி காளியப்பா. இதைப் பூசினாத் தண்ணி உள்ளே எறங்காது. இன்னும் நூறு வருஷம் அப்படியே இருக்கும்.”

“மூச்சில்லாம நூறு வருஷம் இருந்து என்னுங்க சாமி பண்ணும்?” என்றாள் மாரக்காள். சொல்லிவிட்டு நந்தியின் முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொண்டுவந்த கூழ்ச்சட்டியின் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாலசுந்தரம் தவித்தான். அவனுடையது தற்காலிக உத்தியோகம். நாளைக்குச் சூப்பிரண்டு வந்து வேலையைப் பார்த்துச் சரியென்றால்தான் அது நிலைக்கும். அவருடைய வாக்கு இலாகா முழுக்கப் பிரசித்தம்: “கல்லைக் கல்லாகப் பார்க்கத் தெரியாதவனுக்கு என்னிடம் வேலை இல்லை.” தூணில் இருந்த குங்குமப் பொட்டைத் துடைக்கத் தயங்கியதற்காகத்தான் முன்பிருந்தவனை வீட்டுக்கு அனுப்பினார்.

அழுகிற முகத்தை மறுபடி ஒருமுறை பார்த்தான். பிறகு பிரஷ்ஷை டப்பாவுக்குள் போட்டான்.

“சரிங்க அக்கா. மூக்கை விட்டாச்சு. எழுந்து சாப்பிடுங்க.”

மாரக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நந்தியின் மூக்குக்கு அருகே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“வருதுங்க சாமி!” என்றாள். கூழில் முதல் குவளையை அவனுக்குத்தான் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கோட்டும் தொப்பியுமாகச் சூப்பிரண்டு மோட்டாரில் வந்து இறங்கினார். நந்தியைச் சுற்றி வந்தவர் முகத்தெதிரில் நின்றார். மெழுகில் மங்கலாக மினுங்கிய முகத்தில் இரண்டு நாசித் துவாரங்கள் மட்டும் வறண்டு, கறுத்துக் கிடந்தன.

“இது என்ன?”

“மூக்குங்க சார்.”

“மூக்கு என்று தெரிகிறது. ஏன் பூசவில்லை?”

கரைசல் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கூப்பிய கையோடு மாரக்காள் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“பூசினா நந்திக்கு மூச்சு முட்டும்னு இந்த அக்கா அழுதாங்க சார். எனக்கு மனசு கேட்கலை.”

சூப்பிரண்டின் முகம் இறுகியது. மாரக்காளைப் பார்த்தார், நந்தியைப் பார்த்தார்.

“எல்லாரும் மதிலுக்கு வெளியே போங்கள்,” என்றார்.

போனார்கள். “என்னால உங்க சோத்துல மண்ணு உளுந்துருச்சுங்களா சாமி?” என்று மாரக்காள் விசும்பினாள். “உங்க மேல தப்பில்லீங்க அக்கா,” என்றான் பாலசுந்தரம். ஊருக்குப் போய் வீட்டில் என்ன சொல்வதென்று அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தான்.

காளியப்பன் மதில் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். “தொப்பியைக் கழட்டிப்போட்டாருங்க. சுத்தியும் முத்தியும் பாக்குறாருங்க. இப்ப நந்தி தலைகிட்டக் குனியறாருங்க.”

“அப்புறம்?”

“குனிஞ்சவரு குனிஞ்சபடியே இருக்குறாருங்க. மூச்சு வருதான்னு அவரும் பாக்குறாராட்ட இருக்குதுங்க!”

“சிரிக்காதடா பாவி,” என்றாள் மாரக்காள்.

“பாலசுந்தரம்!” உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவன் முருகனை நினைத்துக்கொண்டு உள்ளே போனான். சூப்பிரண்டு தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். அவருடைய சுண்டுவிரல் நுனியில் மெழுகு ஒட்டியிருந்தது. மதில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவனை அருகே இழுத்து, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஒரு காதையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதாய்யா?”