பதினாலாம் நம்பர் மிதவை

எங்கள் துறைமுகத்தில் பாதி நாள் மூடுபனி. படகு கண்ணுக்குத் தெரியாது. அதனால் ‘காலி’ என்பதற்கு விதிப்புத்தகம் தரும் விளக்கம் இது: படகைக் கட்டும் மிதவையில் கயிறு தொய்ந்து கிடந்தால் அந்த இடம் காலி. நான் துடுப்புப் போட்டுப் போய், கயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் துறைமுகப் பதிவேட்டில் எழுதுவேன். தொடர்ந்து தொண்ணூறு நாள் காலி என்றால் வரிசையில் அடுத்தவருக்கு இடம்.

பதினாலாம் மிதவை எவரிஸ்தோவுடையது. மீன் பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. எண்பத்தொன்பது நாள் ‘காலி’ என்று எழுதியிருந்தேன்.

“இன்னைக்கு என்னண்ணே எழுதப் போறீங்க?” என்றாள் துறைப் படியில் நின்ற அவன் மனைவி நெரெய்டா.

“இருக்கறதைத்தாம்மா எழுதணும்.”

மூன்று வருடமாக இடத்துக்குக் காத்திருக்கும் பெரியவர் டான் இப்பொலிட்டோவும் என் தோணியில் கூடவே வந்தார். “சட்டுனு எழுதுய்யா. என் படகு வெளியில கிடந்து அடிபடுது.”

பனிக்குள் கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தேன். அது விறைப்பாக இருந்தது. பனி விலகும் வரை நானும் அவரும் காத்திருந்தோம். படகு எதுவும் இல்லை. கயிற்றின் நுனி தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நின்று, அலைக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

டான் இப்பொலிட்டோ தொப்பியைக் கழற்றினார். “நான் காத்திருக்கேன். நீ விதிப்படி எழுது.”

‘காலி இல்லை’ என்று எழுதினேன்.

மறுநாள் விடியலில் எல்லாப் படகுகளும் கடலுக்குப் போனபோது அந்தக் கயிறும் தொய்ந்தது. பதினொரு மணிக்கு அவை திரும்பின. கயிறு நீர் சொட்டச் சொட்ட எழுந்து இறுகியது.

நெரெய்டா வெறும் மீன் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.