மின்னி எந்தப் பக்கம் திரும்பினாள்?

மின்னி என்ற எலக்ட்ரான் தங்க இடமில்லாமல் அலைந்து அலைந்து ஒரு ஹீலியம் அணுவுக்கு வந்தாள். அங்கே கருவை ஒட்டிய உருண்டை அறையில் அவள் தோழி சுழலி இருந்தாள்.

“உள்ளே வரட்டுமாடி?”

“வாயேன். ஆனா நீயும் என்னைப் போல வலப்பக்கமே சுத்துறியே! ஒரே பக்கம் சுத்துற ரெண்டு பேர் இந்த அறையில இருக்கக் கூடாது. இடப்பக்கம் திரும்பிக்கோ.”

“நான் ஏன் திரும்பணும்? நீ திரும்பு.”

சுழலி மசியவில்லை. மின்னி விருட்டென்று மேல்மாடிக்குப் போனாள். அங்கே அறைகள் காலியாகக் கிடந்தும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழே எட்டிப் பார்ப்பாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கடைசியில் மனம் கேளாமல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டு இறங்கி வந்தாள்.

வாசலில் திகைத்து நின்றாள். அவளுக்காகச் சுழலியும் இடப்பக்கம் திரும்பியிருந்தாள்.

“நீ அப்படியே இரு” என்ற மின்னி, மறுபடி வலப்பக்கம் திரும்பி, ஒளி தெறிக்க உள்ளே குதித்தாள்.