எதிரி என்றொரு சொல்

அச்சமறியாத உடம்பின் விலை முப்பது மதிப்பெண். காவலர் தேர்வில் ராணுவத்திலிருந்து வருபவர்களுக்குக் கிடைக்கும் சலுகை அது. படையில் உடம்புக்குள் பதித்த பயிற்சியைக் கழற்றாமல் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். எழுத்துத் தேர்வில் கோட்டைவிட்ட ஞானதுரை அந்த முப்பதில்தான் கரையேறினான். மூன்று மாதம் ஒழுங்காகக் கழிந்தால் வேலை நிரந்தரம். அவன் மனைவி போலீஸ் குடியிருப்பு வீட்டின் ஜன்னல்களுக்குத் திரை அளவுகூட எடுத்துவிட்டாள்.

இன்னும் மூன்றே நாள். அதுவரை காவல் நிலைய வாசலில் காவல் நின்றவனை அன்றுதான் உள்ளே அழைத்தார்கள். பேட்டரி திருடிப் பிடிபட்ட இசக்கி சுவரோரம் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, எதிரியக் கூட்டிட்டு வாங்க" என்றார் ரைட்டர் பேச்சியம்மாள்.

நிலைய ஏடுகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதான் பெயர். படையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஞானதுரையின் மனம் யோசிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. இசக்கியின் தோள் இரண்டு இடத்தில் முறிந்தது.

"எக்கா, நான் சும்மாதானக்கா நின்னேன்!" என்று அலறினான் இசக்கி.

"ஏன்யா, ஒத்த பேட்டரிக்கு பார்டர் சண்டையா?" என்றார் பேச்சியம்மாள்.

"கை என் பேச்சக் கேக்கல மேடம். எழுதிராதீங்க."

"கேமரா எழுதியாச்சு தம்பி. நான் நகல்தான் எடுக்கேன்."

பேச்சியம்மாள் இம்முறை அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதினார்: வாதி, இசக்கி. எதிரி, ஞானதுரை. சாட்சிகள், நிலையத்தில் இருந்த நான்கு பேர். தலைமறைவானவர் எவருமில்லை.