கரிச்சானின் சொந்தக் குரல்

தூங்குமூஞ்சி மரத்தில் மாலையானால் பறவைகள் கூடி மிமிக்ரி செய்யும். அதில் கரிச்சானை மிஞ்ச ஆளில்லை. பூனையாகக் கத்தும், குக்கராக விசிலடிக்கும். போன வாரம் அது பருந்திடம் சிக்கிச் செத்துப்போனது.

அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மைனாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆமாம், அண்ணனோட சொந்தக் குரல் எப்படி இருக்கும்?"

"நான் கேட்டதே இல்லையே!" என்றது கிளி.

மைனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரிச்சானின் மனைவி கூடு கட்டியிருந்த வேப்பமரத்துக்கே பறந்து போனது.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் வீட்டுல எப்படிக் கூவுவார்?"

"இரை எடுத்துக்கிட்டு வரும்போது தூரத்துலயே ஒரு குரல் கொடுப்பார். கரகரன்னு இருக்கும். விசேஷமா ஒண்ணும் இல்ல."

தூங்கும் குஞ்சுகள் விழித்துவிடாமல் பெண் கரிச்சான் மெல்லக் கூவிக் காட்டியது. மைனாவும் கூவிப் பார்த்தது. சரியாக வரவில்லை. தொண்டையை இறுக்கிக்கொண்டு இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கவே கூவியது. அச்சு அசலாக அதே குரல்!

கூட்டுக்குள் குஞ்சுகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு எழுந்தன.

பெண் கரிச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மைனா கீழே இறங்கி, புல்லுக்குள் வெட்டுக்கிளி தேட ஆரம்பித்தது.