கவர் மேலே கார்டு நம்பர்

பெரம்பலூரில் ஜவுளிக்கடை நடத்தும் வைரக்கண்ணுவின் அறைக்குள் மேனேஜர் தமிழழகன் மூச்சிரைக்க வந்தான்.

"முதலாளி, நம்ம கஸ்டமருங்க விவரமெல்லாம் வெளியில போயிடுச்சுங்க! பேரு, ஊரு, எவ்வளவுக்கு கார்டு தேய்ச்சாங்க, கார்டோட கடைசி நாலு நம்பரு, எல்லாம் தபால் கவர் மேலயே ஒட்டி வந்திருக்காம்!"

"யாருக்குடா?"

"ரெண்டாயிரம் பேருக்குங்க. திருமானூர் அம்பிகா அக்கா பட்டுப்புடவை எட்டாயிரம்னு வூட்ல சொல்லி வெச்சிருந்தாங்களாம். கவர்ல முப்பத்தெட்டாயிரம்னு இருக்கு. கவர வாங்குனதே அவங்க வூட்டுக்காரரு."

வைரக்கண்ணு மேசையைக் குத்தினார். "எவன் வேலை இது? போலீஸுக்குச் சொன்னியா?"

"காலையிலயே சொல்லிட்டேங்க."

"அவன் கையில கிடைக்கட்டும், தோல உரிச்சுடுறேன்!"

தமிழழகன் தயங்கியபடி ஒரு கவரை நீட்டினான். வைரக்கண்ணு வெடுக்கென்று பிரித்தார். உள்ளே அவருடைய மகளின் காதணி விழாப் பத்திரிகை இருந்தது.

"நம்ம முதலாளியம்மாதாங்க. 'ஒருத்தருக்கு வெச்சு ஒருத்தருக்கு வெக்கலைன்னா கோச்சுக்குவாங்க'ன்னு கடை கம்ப்யூட்டர்லேருந்து விலாசம் எடுத்தாங்க. அதுல இருந்ததெல்லாம் அப்படியே லேபிள்ல பிரிண்ட் ஆயிடுச்சுங்க."

வைரக்கண்ணுவின் குரல் அடங்கிவிட்டது. "போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"இன்ஸ்பெக்டர்தாங்க போன எடுத்தாரு. 'பத்திரிகை வந்துச்சு, குடும்பத்தோட வந்துடுறோம்'னாரு."