கட்டைவிரல்

நகராட்சி அலுவலகத்தில் மனுக்களுக்குப் பதில் எழுதும் இயந்திரம் அன்று காலை முதல்முறையாக ‘எழுத மாட்டேன்’ என்றது. செங்கேணி தன் தெருவுக்குக் குடிதண்ணீர் கேட்டுக் கொடுத்த பன்னிரண்டாவது மனு அது. முந்தைய பதினொன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே பதில் போயிருந்தது. அந்த மனுக்களில் ஒன்றையும் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது பவளக்கொடிக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் அவள்தான். போன வருஷம் இயந்திரம் வந்தபோது அதற்கும் சொல்லிக்கொடுத்தாள்.

இன்ஜினியர் சுதர்சன் வந்து கட்டளையை மூன்று தடவை மாற்றிப் போட்டுப் பார்த்தான். மூன்று தடவையும் திரையில் ஒரே பதில்: ‘அது உண்மையில்லை. எழுத மாட்டேன்.’

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம் மேடம். அனுமதிக்கு உங்க கைரேகை வேணும். கட்டைவிரலை இதுல வைங்க.”

“உள்ளே ஏதாவது முழிச்சுக்கிச்சோ?”

“நீங்க வேற! மெஷினுக்கு ஏது மேடம் சுயபுத்தி? சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான்.”

கவுன்ட்டருக்கு வெளியே செங்கேணி, பதினொரு பதில்களையும் ஒரே சேஃப்டி பின்னில் குத்திக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். பவளக்கொடி கையை நீட்டினாள். கைரேகைக் கருவியின் கண்ணாடித் தகடு பச்சையாக ஒளிர்ந்தது. தொடப்போகிற நேரத்தில் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களாலும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

“மேடம், விரல்...”

“என்னையும் இங்கே மெஷின்னுதான் தம்பி நினைச்சிட்டிருக்காங்க” என்றாள்.